தோலுக்கு வாட்டர் வாஷ்: மான் தோலில் சதை வழிக்கும் முறை

என் அப்பா பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். சாய்த்து வைத்த அரைவட்ட மரத்தின் மேல் தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள வளைந்த கத்தியால் சதையையும் ஜவ்வையும் வழித்துத் தள்ளுவார். இடுப்பால் தோலை மரத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, உடம்பின் கனம் முழுவதையும் கத்தியில் இறக்குவார். பிற்பாடு சதை வழிக்கும் பிளெஷிங் மிஷின் வந்தது. ஆனாலும் ஆட்டுத் தோலின் ஓரத்தையும் கால் பக்கத்தையும் கையால் வழிக்கத்தான் ஆள் தேடினார்கள்.

நான் இப்போது கனடாவில், ஒன்டாரியோவில் பீட்டர்பரோ பக்கம் இருக்கிறேன். இங்கே நவம்பர் வந்தால் மான் வேட்டைக் காலம். உரிமம் வாங்கிச் சுடும் வேட்டைக்காரர்கள் வெண்வால் மானின் தலையையும் தோள் வரைக்குமான தோலையும் பாடம் செய்து சுவரில் மாட்டிக்கொள்வார்கள். அந்தத் தலை-தோள் தோலுக்கு இங்கே ‘கேப்’ என்று பெயர். பாடம் செய்பவர்களிடம் சீசனில் கேப்புகள் குவிந்துவிடும். அவற்றில் சதை வழித்து உப்புப் போட்டுக் கொடுப்பது என் பகுதிநேர வேலை. முதல் இரண்டு வருடம் அப்பா மாதிரியே கத்தியில்தான் செய்தேன். நான்கு கேப் முடித்தால் மறுநாள் தோள்பட்டை தூக்க முடியாது. அதன் பிறகுதான் பிரஷர் வாஷருக்கு வந்தேன். நம் ஊரில் பைக்குக்கு வாட்டர் வாஷ் அடிப்பார்களே, அதே சாமான்தான்.

வீடியோ காலில் அப்பாவிடம் காட்டினேன். “இன்னாடா இது, தோலுக்கு வாட்டர் வாஷா?” என்று சிரித்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “சாய்ச்சுப் பிடி. நேரா அடிச்சா ஓட்டை விழும்” என்றார். பிரஷர் வாஷரைக் கையால் தொட்டதே இல்லாதவர் சொன்ன அந்த ஒரு வரியில் பாதி வித்தை இருக்கிறது. மீதியை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். டேனரியில் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு முடியைக் கழற்றிய பிறகுதான் சதை வழிப்பார்கள். அங்கே முடி போனால் நல்லது. பாடம் செய்யும் தோலில் முடிதான் முதல். வழிக்கும்போதோ, வழித்த பிறகு ஈரத்தில் கிடக்கும்போதோ பாக்டீரியா மயிர்க்காலைத் தின்றுவிட்டால் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வரும். அப்புறம் அந்தத் தோலுக்குச் செய்ய ஒன்றுமில்லை. கீழே நான் சொல்லும் அவசரம், குளிர்ந்த தண்ணீர், உப்பு எல்லாமே இந்த ஒரு பயத்திலிருந்து வருபவை.

மெஷினும் மூக்கும்

காருக்கு டயரில் 32, 35 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோம். வீட்டு உபயோக பிரஷர் வாஷர் 1,500-லிருந்து 3,000 பி.எஸ்.ஐ. வரை தரும். நம் ஊர்க் கடைகளில் இதையே பார் கணக்கில் போட்டிருப்பார்கள். 2,000 பி.எஸ்.ஐ. என்றால் ஏறத்தாழ 138 பார். மான் கேப்புக்கு 2,000 பி.எஸ்.ஐ. கரண்ட் மெஷின் போதும். என்னிடம் 2,800-இல் ஒரு பெட்ரோல் மெஷினும் உண்டு. கரடித் தோல் வந்தால் அதை எடுப்பேன். கரடிக்குத் தோலும் தடிப்பு, அடியில் கொழுப்பும் விரற்கடை கனம்.

அழுத்தத்தைவிட முக்கியம் மூக்கு, அதாவது நாசில். நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, சோப்புக்குக் கறுப்பு. பச்சையில் அடித்தால் தோல் நனையும், ஜவ்வு அசையாது. என் முதல் நாள் ஒரு மணி நேரம் இப்படித்தான் போனது. சிவப்பு கத்தி மாதிரி ஒரே கோடாக வரும், தோலையே கீறிவிடும். மஞ்சளில் வேலை நடக்கும், ஆனால் மெதுவாகத்தான். சரியான சாமான் டர்போ நாசில். உள்ளே 0 டிகிரி நீர்க்கோடு ஒன்று பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டே வரும். கோட்டின் வேகம் அப்படியே இருக்கும், ஆனால் ஒரே புள்ளியில் நிற்காது. ஜவ்வின் அடியில் நுழைந்து கிளப்ப இந்தச் சுழற்சிதான் உதவுகிறது. தனியாக வாங்கினால் உங்கள் மெஷினின் அழுத்தத்துக்கும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பதற்கும் பொருந்துகிற துளை அளவைப் பார்த்து வாங்குங்கள். துளை பெரிதாக இருந்தால் அழுத்தம் இறங்கி, சும்மா சிதறுகிற தண்ணீர்தான் வரும்.

வெந்நீர்க் குழாயில் மெஷினை மாட்டவே கூடாது. கொழுப்பு கரையுமே என்று தோன்றும். தோலில் இருப்பது கொலாஜன். 60 டிகிரியைத் தாண்டும் பக்கத்தில் அது சுருங்க ஆரம்பிக்கும். அவ்வளவு சூடு இல்லாவிட்டாலும், வெதுவெதுப்பு என்பது பாக்டீரியாவுக்கு விருந்து. இங்கே நவம்பரில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரை வலிக்கும். தோலுக்கு அதுதான் தேவை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு கண்ணி இருக்கிறது. பெட்ரோல் மெஷினை ஓடவிட்டுவிட்டு டிரிகரை அழுத்தாமல் வைத்திருந்தால், பம்புக்குள் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடாகும். சில நிமிடத்திலேயே கை வைக்க முடியாத சூட்டுக்குப் போய்விடும். இரண்டாவது வருடம் எனக்கு ஒரு போன் வந்தது. பேசிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்து நேராகத் தோலின் மேல் அடித்தேன். ஆவி பறந்தது. மூன்று நாள் கழித்து அதே பக்கத்தில் அக்குளுக்குப் பக்கம் உள்ளங்கை அளவுக்கு முடி கழன்றது. அந்தச் சூடுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், மானைச் சுட்டவர் எத்தனை மணி நேரம் தோலோடு வண்டியில் வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து வேலை நின்றால் மெஷினை அணைத்துவிடுவேன். மறுபடி தொடங்கும்போது முதல் பத்து விநாடித் தண்ணீரைப் புல்லின் மேல் விடுவேன்.

தோலைப் படுக்க வைக்கும் இடம்

பிளைவுட் பலகையைச் சுவரில் சாய்த்துத் தோலை ஆணியடித்துச் செய்பவர்கள் உண்டு. விரித்த தோலுக்கு அது சரி. கேப்புக்கு நான் பயன்படுத்துவது 8 அங்குல பி.வி.சி. கழிவுநீர்க் குழாய், இரண்டு மீட்டர் நீளம். ஒரு முனையை என் மார்பு உயரத்துக்கு மர முக்காலியில் கட்டி, மறுமுனையைத் தரையில் ஊன்றியிருக்கிறேன். அப்பாவின் மரத்தைப் பார்த்துச் செய்ததுதான். கேப்பின் கழுத்துப் பகுதி பெரும்பாலும் குழல் மாதிரி மூடியே இருக்கும், பிடரியில் சின்னதாக ஒரு வெட்டு மட்டும். குழாய் என்றால் சட்டைக் கையை மாட்டுவது போல அதை மாட்டிவிடலாம். பலகையில் அது முடியாது.

முடிப்பக்கம் குழாயைத் தொடும்படி, சதைப்பக்கம் மேலே. மாட்டுவதற்கு முன் முடியைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிடுங்கள். ஒட்டுமுள், காய்ந்த சேறு, உறைந்த ரத்தக் கட்டி எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அடியில் ஒரு பட்டாணி அளவு கட்டி இருந்தால் அந்த இடத்தில் தோல் மேடாகி நிற்கும், தண்ணீர் மேட்டைத்தான் முதலில் ஓட்டை போடும். கத்தியிலும் இதே கதைதான், அப்பா இதற்காகவே தினமும் திட்டு வாங்கியிருக்கிறார்.

தோலின் மேல் ஓரத்தை இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவே வைத்துத் திருகு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஆணியடித்தால் தண்ணீரின் தள்ளலில் ஆணித்துளை கிழிந்துகொண்டே போகும். தண்ணீர் எப்போதும் கிளாம்பிலிருந்து விலகிக் கீழ்நோக்கிப் போக வேண்டும். அப்போது தோல் தானாகவே விறைத்து நிற்கும். எதிர்ப்பக்கமாக அடித்தால் தோல் பாயைச் சுருட்டியது போல மேலேறி உங்கள் முகத்திலேயே தெளிக்கும்.

தண்ணீருக்கு முன் கத்தி

பெரிய இறைச்சித் துண்டுகளைக் கத்தியால் எடுத்துவிடுங்கள். உரித்தவர் அவசரத்தில் தோலோடு விட்ட கழுத்துக் கறி, மார்புக் கொழுப்பு எல்லாவற்றையும் தண்ணீரால் எடுக்கப் பார்த்தால் அரை மணி நேரம் கூடுதலாகும், கொல்லையெல்லாம் கறி தெறிக்கும். சுண்டுவிரல் கனத்துக்கு மேல் எது இருந்தாலும் கத்தி. நவம்பர் என்பது கடா மான்களுக்கு இணை சேரும் காலம், கழுத்து வீங்கித் தடித்திருக்கும். அங்கே கத்திக்கு நிறைய வேலை.

உறைய வைத்த தோலாக இருந்தால் ஃபிரிஜ்ஜின் கீழ்த் தட்டில் ஒரு நாள் வைத்து இளக்குங்கள், அல்லது குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். வெயிலிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைத்தால் வெளி ஓரம் கெடும்போதும் நடுவில் பனிக்கட்டி இருக்கும். வயிற்றுப் பக்கம் நான்கு முடியைப் பிடித்து லேசாக இழுங்கள். சுலபமாக வந்தால் தோல் ஏற்கெனவே போய்விட்டது, தண்ணீரும் நேரமும் வீண். தோல் கொண்டுவந்தவரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். நாம் கைவைத்த பிறகு சொன்னால் நம் தலையில்தான் விழும்.

அடிக்கும் முறை

மேல் ஓரத்தில், கிளாம்புக்குக் கீழே, கத்தியால் ஜவ்வை மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குக் கிளப்பி மடக்கி விடுங்கள். தண்ணீருக்கு இதுதான் வாசல். வாஷரின் துப்பாக்கிப் பிடியை, மூக்கு தோலுக்கு முப்பது சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்படி பிடித்து டிரிகரை அழுத்துங்கள். தோலோடு நாற்பத்தைந்து டிகிரிக்கும் குறைவாகச் சாய்ந்திருக்கட்டும், கூரையில் மழை சாய்ந்து அடிப்பதைப் போல. மெல்ல மெல்லக் கிட்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் ஜவ்வு வெளுக்கும், நுனி படபடக்கும், சட்டென்று அடியில் தண்ணீர் புகுந்து தூக்கும். அவித்த முட்டையை உரிக்கும்போது ஓட்டுக்கு உள்ளே இருக்கும் மெல்லிய தோல் ஒரே இழுப்பில் வருமே, அப்படி வரும். அதுதான் அந்த மெஷினுக்கும் அந்தத் தோலுக்குமான தூரம். என் மெஷினில் மான் கழுத்துக்கு அது ஒரு சாண், விலாப் பக்கம் அதைவிடக் கூட. உங்களுடையது வேறாக இருக்கும். தூரத்தைப் புத்தகத்தில் தேடாதீர்கள், ஒவ்வொரு தோலிலும் முதல் ஒரு நிமிடத்தில் கண்டுபிடியுங்கள்.

வெட்டுவது கத்தி. தண்ணீர் செய்வது உரிப்பது. ஜவ்வுக்கும் தோலுக்கும் நடுவே இயற்கையே ஒரு எல்லை வைத்திருக்கிறது, தண்ணீர் அந்த எல்லையைத் தேடிக் கண்டுபிடித்து அதன் வழியே ஓடும். சாய்வு சரியாக இருந்தால் குறைந்த அழுத்தத்திலேயே வேலை நடக்கும். நேராகக் குத்தினால் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் ஜவ்வு தோலோடு ஒட்டி அழுந்துமே தவிரக் கிளம்பாது, கடைசியில் இரண்டும் சேர்ந்து கிழியும். ஜவ்வு வரவில்லை என்றால் எல்லோருக்கும் கை தானாகக் கிட்டே போகும். கிட்டே போகாதீர்கள், சாய்வை மாற்றுங்கள்.

கை நிற்கவே கூடாது. மேலிருந்து கீழே ஒரு வீச்சு, டிரிகரை விடு, அடுத்த வீச்சு பாதி அளவு முந்தையதன் மேல் ஏறட்டும். பெயின்ட் அடிக்கிற ஓட்டம்தான்.

விலாவிலும் தோளிலும் சிவப்பாக ஒரு மெல்லிய சதை தோலோடு ஒட்டியிருக்கும். ஈ உட்கார்ந்தால் மாடு அந்த இடத்தை மட்டும் சிலிர்த்துக்கொள்ளுமே, அதைச் செய்கிற தசை அது. கத்தியில் இதுதான் உயிரை எடுக்கும், வழுக்கும், மடங்கும், பாதியில் அறுந்து நிற்கும். தண்ணீரில் பிய்த்த பரோட்டா மாதிரி நார் நாராகப் பிரிந்து போய்விடும். மெஷினுக்குக் கொடுத்த காசு இந்த ஓர் இடத்திலேயே எனக்குத் திரும்பிவிட்டது. நார் ஓடும் திசையை ஒட்டி அடித்தால் இன்னும் சுலபம்.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்? தோல் சுத்தமான வெள்ளையாக, கொஞ்சம் நீலம் ஓடியது போல இருக்கும். விரலால் தேய்த்தால் வழுக்காது. இதோடு நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று போய், ஊசிமுனைப் புள்ளிகளாக மயிர்க்கால் தெரிய ஆரம்பித்தால் நீங்கள் தோலுக்குள்ளேயே போய்விட்டீர்கள். அங்கே முடி வேர் அறுந்து உதிரும். தோலை மெல்லியதாக்குவது பதனிடும்போது தனியாகச் செய்யும் வேலை, அதைத் தண்ணீரால் செய்ய முயலாதீர்கள்.

அக்குள், வயிற்றோரம், முன்னங்காலின் உள்பக்கம் மூன்றும் காகிதம். அங்கே வரும்போது தூரத்தை இரட்டிப்பாக்குவேன், அல்லது மஞ்சள் மூக்கை மாட்டுவேன். என் முதல் கேப்பில் அக்குளில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை விழுந்தது. ஓட்டை எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை, முடி பறந்து குழாயில் ஒட்டியதைப் பார்த்துத்தான் புரிந்தது. உள்பக்கமாகத் தைத்துக் கொடுத்தேன். முடி மூடிக்கொண்டதால் வெளியே தெரியவில்லை, சொல்லித்தான் கொடுத்தேன்.

குண்டு போன துளையும், உரிக்கும்போது விழுந்த கத்திக் கீறலும் இன்னொரு வகை ஆபத்து. தண்ணீர் துளையைக் குறுக்கே கடந்தால் எதிர் விளிம்பின் அடியில் புகுந்து துளையை ஒரு ஜாண் கிழித்துவிடும். அதனால் துளைக்கு ஒரு விரற்கடை தள்ளி ஆரம்பித்து, துளையிலிருந்து விலகி வெளியே அடியுங்கள். தோலைத் திருப்பிப் போட்டு நான்கு பக்கமும் இதே மாதிரி. விளிம்பை ஒட்டி மிஞ்சுவதைக் கத்தரிக்கோலால் எடுங்கள். துளையை விரலால் மூடிப் பிடித்துக்கொண்டு அடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஏன் என்று கீழே வருகிறது.

முகத்தில் தண்ணீரை நம்பாதீர்கள். காதை உள்வெளியாகத் திருப்புவது, உதட்டை இரண்டாகப் பிளப்பது, இமை, மூக்கு, கண்ணீர்க்குழி எல்லாம் சின்னக் கத்தியாலும் விரலாலும் பொறுமையாகச் செய்ய வேண்டியவை. பாடம் செய்த தலையைப் பார்ப்பவர் முதலில் பார்ப்பது கண்ணையும் உதட்டையும்தான். அங்கே இமையோரம் ஒரு மில்லிமீட்டர் போனாலும் தெரியும். இங்கே மெஷின் வைத்திருக்கும் சிலர் முகத்தையும் அதிலேயே முடித்துவிடுவதாகச் சொல்கிறார்கள். செய்யட்டும். நான் தாடைக்கு மேலே கொண்டுபோவதில்லை.

எல்லாம் சேர்த்து ஒரு கேப்புக்கு இப்போது எனக்கு அரை மணி நேரம், முகம் தனி. கத்தியில் ஒன்றரை மணிக்குக் குறையாது. தண்ணீர்தான் செலவு. என் கரண்ட் மெஷின் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர், பெட்ரோல் மெஷின் அதைப் போல இரண்டு மடங்கு. ஒரு கேப்புக்கு 100, 150 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் இருப்பவர் இதைப் படித்தால் கத்தியே மேல்.

உடம்புக்கு

இந்தத் தண்ணீர் மான் தோலின் ஜவ்வைக் கிளப்புகிறது என்றால் உங்கள் தோலுக்கு எம்மாத்திரம். கையில் பட்டால் ஊசி போட்டது போல உள்ளே புகும், அதோடு அழுகல் கொழுப்பும் மிருக ரத்தமும் சேர்ந்து புகும். வெளியே பார்த்தால் சின்னப் புள்ளிதான் இருக்கும், வலிகூட உடனே தெரியாது. மணிக்கணக்கில் உள்ளே வீங்கி விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். புள்ளிதானே என்று பிளாஸ்திரி போட்டுவிட்டு உட்காராதீர்கள். உடனே எமர்ஜென்சிக்குப் போய், அதிக அழுத்தத் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது, மிருகத் தோல் வேலை என்று இரண்டையும் சொல்லுங்கள். கையுறை இதைத் தடுக்காது. அதனால்தான் தோலைக் கிளாம்ப் பிடிக்க வேண்டும், கை பிடிக்கக் கூடாது.

முழு முகத்தையும் மூடும் கண்ணாடி, அதற்குள் என்95 முகக்கவசம், ரப்பர் ஏப்ரன், முட்டி வரை பூட்ஸ். தண்ணீர் மூடுபனியாகத் தெறிக்கும்போது தோலில் இருக்கும் கிருமியும் சேர்ந்து மிதக்கிறது. முயல் தோலில் டுலரீமியா என்ற தொற்றுநோய் இருக்கலாம், ரக்கூன், ஸ்கங்க், நரிக்கு ரேபிஸ் இருக்கலாம். அந்தத் தலைகளை நான் தண்ணீரால் தொடவே மாட்டேன். கனடாவின் மேற்கே சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா காட்டு மான்களிடம் சி.டபிள்யூ.டி. என்ற நோய் இருக்கிறது, மூளையைத் துளைத்து மானை எலும்பும் தோலுமாக்கிக் கொல்லும். சமைத்தாலும் அழியாத பிரியான் என்ற புரதம்தான் அதற்குக் காரணம். அந்தப் பக்கத்துத் தலையென்றால் பரிசோதனை முடிவு வரும்வரை தோலைத் தொடுவதில்லை. மூளையோ தண்டுவடமோ ஒட்டியிருக்கும் எதையும், எந்த ஊர் மானாக இருந்தாலும், தண்ணீரால் அடிக்காதீர்கள்.

கரண்ட் மெஷின் என்றால் கசிவு ஏற்பட்டால் தானே அணையும் பிளக் கட்டாயம். பெட்ரோல் மெஷின் என்றால் திறந்த வெளி. குளிருகிறதே என்று கராஜுக்குள் வைத்து ஓட்டிக் கார்பன் மோனாக்சைடில் மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

கீழே ஒரு தார்ப்பாயை விரித்து, தண்ணீர் வடியும் ஓரத்தில் கொசுவலைத் துணி கட்டிவிடுங்கள். விழும் ஜவ்வையும் கொழுப்பையும் வலையில் வாரிப் பையில் கட்டி உறைய வைத்து, குப்பை வண்டி வரும் நாளில் வெளியே வைக்கிறேன். தெரு மழைநீர் வடிகாலில் விடக் கூடாது, அது நேராக ஆற்றுக்கும் ஏரிக்கும் போகிறது. வீட்டு வடிகாலில் விட்டால் குளிரில் கொழுப்பு மெழுகாக உறைந்து அடைக்கும். ஒருநாள் பையை ராத்திரி வெளியே வைத்துவிட்டேன். காலையில் ரக்கூன் குடும்பம் ஒன்று பக்கத்து வீட்டுக் கார் மேல் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தது. அப்பாவின் டேனரியில் இந்தக் கழிவைத்தான் வஜ்ஜிரம் காய்ச்ச வாங்கிப் போவார்கள், தச்சர்களுக்குப் பசை. இங்கே வாங்க ஆள் இல்லை.

உப்பு

வழித்து முடித்த தோல் இப்போது முழுக்க நனைந்திருக்கிறது. கத்தி வேலையில் இல்லாத தொல்லை இது. அப்படியே போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகாதீர்கள். முதலில் வெள்ளை மூக்கை மாட்டி, ஒரு மீட்டர் தள்ளி நின்று, முடி படியும் திசையிலேயே ரத்தக்கறையை அலசுங்கள். பிறகு ஒரு கொம்பில் போட்டு முக்கால் மணி நேரம் தண்ணீர் வடியட்டும். துணி மாதிரி முறுக்கிப் பிழிய வேண்டாம், கையால் வழித்துவிட்டால் போதும். வடியாத தோலில் உப்புப் போட்டால் உப்பெல்லாம் கரைந்து ஓடிவிடும்.

பொடி உப்பு, அயோடின் சேர்க்காதது. இங்கே பனிக்குச் சாலையில் கொட்டும் உப்பு மலிவு, ஆனால் அதில் அழுக்கும் வேறு உப்புகளும் கலந்திருக்கும், வேண்டாம். சதைப்பக்கம் மேலே இருக்க விரித்து, அள்ளிக் கொட்டித் தேய்க்க வேண்டும். ஓரச் சுருட்டல், காது, உதடு, மூக்கு ஒன்றையும் விடக் கூடாது. ஒரு கேப்புக்கு நான்கு கிலோவாவது போகும். உப்பில் கஞ்சத்தனம் பார்த்தவர் தோலை இழந்தார் என்பது டேனரிக்காரர்களின் பழைய பாடம். பிறகு சுருட்டிச் சரிவான பலகையில் வையுங்கள், ஊறும் தண்ணீர் வடிந்தோடட்டும். ஒரு நாள் கழித்துப் பிரித்து, ஈரமான உப்பை உதறிக் கொட்டிவிட்டு, புது உப்பு அதே அளவு. உதறிய உப்பை மறுபடி பயன்படுத்தாதீர்கள். உப்பிலேயே வாழும் பாக்டீரியா இருக்கிறது, தோலில் சிவப்புச் சிவப்பாகத் திட்டு வரும். அப்பா அந்தத் திட்டைப் பார்த்தாலே தோலை ஒதுக்கிவிடுவார்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. மான், காட்டுப்பன்றி, மயில் எதுவானாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, செத்துக் கிடந்ததை எடுத்தேன் என்று சொன்னாலும் சிக்கல்தான். மைசூரில் வான் இங்கன் குடும்பம் புலியும் சிறுத்தையும் பாடம் செய்த காலம் போய்விட்டது. ஆனால் கறிக்கடையில் கிடைக்கும் வெள்ளாட்டுத் தோலை முடியோடு பதனிட்டு விரிப்பு செய்ய ஆசைப்படுபவர்கள் இதே முறையில் செய்யலாம். ஆட்டுத் தோல் மான் கழுத்தைவிட மெல்லியது, அதனால் 100 பார் போதும், மஞ்சள் மூக்கு, தூரம் அதிகம். உங்களுக்கு எதிரி வெயில். உரித்த ஒரு மணி நேரத்துக்குள், விடியற்காலையில் செய்யுங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் எப்படிச் சுடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, ஒரு பக்கெட் பனிக்கட்டி போட்ட டிரம்மிலிருந்து மெஷினுக்குத் தண்ணீர் எடுங்கள்.

எங்களுக்கு எதிரி உறைபனி. வேலை முடிந்த ராத்திரியே மெஷினில் மிஞ்சிய தண்ணீரை வெளியேற்றி, பம்பில் உறையா திரவம் ஒரு குப்பி ஏற்றிவிடுவேன். ஒரு நவம்பரில் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். காலையில் பம்பின் தலை நெடுக விரிசல், தார்ப்பாயில் இரண்டு கேப் காத்திருந்தன. அன்று அப்பாவின் கத்தியைத்தான் எடுத்தேன்.